காட்டு வழிக் கதிர்காமம்

கதிர்காமக் கந்தன் கோயிலில் மூலவரை யாரும் பார்ப்பதில்லை. கருவறைக்கு முன்னால் ஒரு திரை தொங்கும். மயில்மேல் முருகனும் இரு பக்கமும் வள்ளியும் தெய்வயானையும் அதில் வரையப்பட்டிருக்கும். பூசகரான கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு மந்திரமும் வெளியே கேட்காமல், திரைக்குள் போய்ப் பூசை செய்துவிட்டு வருவார். ஆடித் திருவிழா இரவுகளில் யானைமேல் வள்ளியம்மன் கோயிலுக்குப் போகும் பேழையும் மூடியபடியேதான் போகும். உள்ளே இருப்பது யந்திரம் என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "இவ்வளவு தூரம் வந்தும் சாமியைக் கண்ணால் காணவில்லையே" என்று என்னிடம் குறைப்பட்டார். பஸ்ஸில் போய்வந்த காலத்தில் எனக்கும் அந்தக் குறை இருந்தது. உகந்தையிலிருந்து காட்டு வழியாக நடந்து போனபிறகு இல்லை.

நான் நடந்தது வழியின் கடைசிப் பகுதி மட்டும். முழுப் பாதயாத்திரை என்பது தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு புறப்படுவது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கிழக்குக் கரையோடு 500 கிலோமீட்டருக்கு மேல். கோயில் கோயிலாகத் தங்கி, ஊர்ச்சனம் தரும் சோற்றைச் சாப்பிட்டு, ஒன்றரை மாதம் போல நடக்கவேண்டும். 1983க்குப் பிறகு யுத்தம் இந்த வழியைத் துண்டு துண்டாக்கியது. 1972இல் யாழ்ப்பாணத்து அடியார்களோடு நடந்த அமெரிக்கர் பேட்ரிக் ஹரிகனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988இல் அதை மீண்டும் தொடங்க முன்னின்றார்கள். அந்த உழைப்பு பெரிது. ஆனாலும் இந்த வழி புல்மூடிப் போகாமல் இருந்ததற்கு என் மனம் முதலில் கைகூப்புவது மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமத்துப் பெண்களுக்கு. பாதை திறந்த வருடங்களிலெல்லாம் பொதியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். பலருக்கு வயது அறுபதுக்கு மேல். காணாமல்போன மகனுக்காக, வெளிநாடு போன மகளுக்காக, பிள்ளையில்லாத மருமகளுக்காக நேர்த்தி வைத்தவர்கள்.

உகந்தைமலை முருகனைக் கும்பிட்டு, காட்டு வாயிலில் பெயரைப் பதிந்துகொண்டு உள்ளே நுழைந்தால் கூமுனைச் சரணாலயம். அதைத் தாண்டிக் கும்புக்கன் ஆறு. ஆற்றுக்கு அப்பால் யால. வாயில் தாண்டியதும் எல்லாரும் சாமிதான். அரச உத்தியோகத்தரும் சாமி, கூலிவேலைக்காரரும் சாமி, தோளில் தூங்கும் குழந்தையும் சாமி.

எங்கள் கூட்டத்தில் மண்டூர்ப் பக்கத்து அம்மாச்சி ஒருவர் இருந்தார். கும்புக்கன் ஆற்றில் பெரிய மருதமரங்களின் கீழ் இறங்கியதும் நாங்கள் முகம் கழுவ ஓடினோம். அவர் ஓடவில்லை. கரையோர மணலில் குந்தியிருந்து சிரட்டையால் ஊற்றுத் தோண்டினார். முழங்கை ஆழத்தில் கலங்கல் நீர் கசிந்தது. அதை அள்ளி வெளியே ஊற்றினார். மறுபடி ஊறியது, மறுபடி ஊற்றினார். மூன்றாம் முறை மணல் அடியில் படிந்து நீர் தெளிந்தது. சேலைத் தலைப்பை மடித்துப் போத்தல் வாயில் பிடித்துச் சிரட்டை சிரட்டையாக வார்த்தார். பொறுமையில்லாமல் நான் ஆற்றுத் தண்ணீருக்குக் கைநீட்டினேன். "பொறுங்க சாமி, இது குடிங்க. மறுகா வயித்துக்குத்தெண்டு காட்டுக்க கிடக்க ஏலாது" என்று முதல் போத்தலை என்னிடமே தந்தார். இப்போது சில இடங்களில் பவுசரிலும் தண்ணீர் வருகிறது. வெயிலில் காய்ந்து வருகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

ஆற்றைக் கடந்தபின் முள்ளும் மணலும் வெட்டவெளியுமாகக் கிடக்கும் பாதை. வெயில் ஏறுமுன் நடந்து, மரம் கண்ட இடத்தில் படுத்து, சாய்ந்தபின் மறுபடி நடப்போம். அது பாலைப்பழக் காலம். மஞ்சளாகப் பழுத்த சின்னப் பழத்தை வாயில் போட்டால் இனிப்போடு பாலும் உதட்டில் ஒட்டும். கரடிக்கும் அந்தப் பழம்தான் பிரியம் என்பதால் பாலை மரத்தடிகளில் ஒருவரை ஒருவர் விடாமல், அரோகரா சொல்லிக்கொண்டே போவோம். யானைச் சாணம் ஈரமாகக் கிடந்தால் குரல் இன்னும் உயரும். இந்தப் பயம் தேவையான பயம் என்று நினைக்கிறேன். அந்தக் காடு அவற்றின் வீடு. சாப்பாடு கட்டிவந்த பொலித்தீனை அங்கே எறிந்துவிட்டு வருகிறவர்கள் எந்த நேர்த்தியைத் தீர்த்தார்கள் என்பது எனக்கு விளங்குவதேயில்லை. அம்மாச்சி தன்னுடையதையும் மற்றவர்களுடையதையும் பொறுக்கி ஒரு உரப்பையில் கட்டிக் கொண்டுவந்தார்.

இரவில் அடுப்பு அணைந்தபின் வள்ளி கதை சொல்வார்கள். முருகன் வேடுவப் பெண்ணைத் தேடி வந்தது இந்தக் காட்டுக்குத்தான். கிழவனாக வந்ததும், தண்ணீர் கேட்டதும், யானையைக் காட்டிப் பயமுறுத்தியதும் பக்கத்து ஊரில் போன கிழமை நடந்த சங்கதி போல வரும். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்று பகல் முழுதும் தாகத்தோடு நடந்து, யானைக்குப் பயந்து, ஒரு கிழவி கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவனுக்கு அது வேறு கதை. அந்த இரவில் எனக்குத் தோன்றியதை இன்றும் நம்புகிறேன்: கந்தனின் மூலஸ்தானம் இந்தக் காடு முழுவதும்தான். திரைக்குப் பின்னால் இருப்பது அவன் காலாற வந்து தங்கும் அறை.

மாணிக்க கங்கையில் முழுகி, ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போனோம். கொடியேறிவிட்ட நாள்கள், அரோகராவும் சிங்களவர்களின் சாது கோஷமும் ஒன்றோடொன்று கலந்து கேட்டன. பழத்தட்டோடு வரிசையில் நகர்ந்து திரைக்கு முன்னால் நின்றபோது அதை விலக்கிப் பார்க்கவேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. பார்க்கவேண்டியதை வழி நெடுகப் பார்த்தாகிவிட்டது. கால் கொப்புளங்கள் எரிந்தன, கண் நிறைந்துவிட்டது. பின்னால் வந்த கூட்டம் தள்ளியது. அம்மாச்சி திரைக்குமுன் எதுவும் கேட்கவில்லை, அழவுமில்லை. திருநீற்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "வாங்க சாமி, தெய்வயானை அம்மன் கோயில்ல சோறு குடுப்பாங்க" என்று முன்னால் நடந்தார்.

தீர்த்தம் முடிந்து, புத்தல, மொனராகலை வழியாகப் பஸ்ஸில் திரும்பினோம். காட்டைச் சுற்றிப் போகும் அந்தத் தார்ப்பாதையில் கிழக்குக்குத் திரும்ப ஒரு பகல் போதும். சாமி என்று கூப்பிட்டவர்கள் பஸ் ஏறியதும் மெல்ல மெல்ல ஐயா, தங்கச்சி, மாமி என்று மாறத் தொடங்கினார்கள். அம்மாச்சி மட்டும் மாறவில்லை. முன்சீட்டுப் பெண்ணிடம் அடுத்த வருடத்துக் கணக்கைப் பேசிக்கொண்டு வந்தார்: இந்தமுறை கொண்டுபோன சட்டி பெரிசு, சின்னது போதும், அவல் கூடக் கட்டவேண்டும், மருமகளையும் கூட்டிவரவேண்டும், அவளுக்கு இப்போதே நடை பழக்கவேண்டும்.