மிஞ்சிய மூன்று குப்பிகள்

கொரோனா நோயாளிகளுக்குப் போட்ட ரெம்டெசிவிர் ஊசி மருந்தைக் கள்ளச்சந்தையில் விற்றதாகக் கைதான ஓர் இளைஞருக்காக 2021 மே மாதம் ஜாமீன் மனு போட்டேன். போலீசார் அவரிடம் கைப்பற்றியது மூன்று குப்பிகள். எஃப்.ஐ.ஆரில் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், மோசடிக்கான 420 என்று எல்லாமே இருந்தன.

ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் இந்த மருந்தை நேரடியாக விற்கத் தொடங்கியிருந்தது. குப்பி 1,568 ரூபாய்; ஒரு நோயாளிக்கு ஆறு. வெளியூர்களிலிருந்தும் வந்து இரவிலேயே இடம் பிடித்தார்கள். பிறகு மதுரை, திருச்சி, கோவை, சேலம், நெல்லையிலும் மையங்கள் வந்தன. சென்னை விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாறியது. இந்த மருந்து உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. ஆனால் மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகு எந்தப் பிள்ளை வரிசையில் நிற்காமல் இருப்பான்?

என் கட்சிக்காரரும் நின்றார். ஆறு குப்பி வாங்கி, அப்பா படுத்திருந்த தனியார் மருத்துவமனையில் கொடுத்தார். முதல் நாள் இரண்டு, மறுநாள் ஒன்று ஏற்றினார்கள். அதற்கு மேல் அப்பா இல்லை. மிச்சத்தை அவருடைய துணிமணிகளோடு ஒரு பையில் போட்டு மகனிடம் கொடுத்துவிட்டார்கள்.

வரிசையில் அவருக்குப் பின்னால் டோக்கன் கிடைக்காமல் நின்ற ஒரு அம்மாவின் போன் நம்பர் அவரிடம் இருந்தது. "அவங்க வீட்டுக்காரருக்காவது உதவட்டும்னு கூப்பிட்டேன் சார். சும்மா வாங்கிக்க மாட்டேன்னு பணம் அனுப்பிட்டாங்க." பேருந்து நிலையத்தருகே கைமாறும்போது ஊரடங்குச் சோதனையில் பிடிபட்டார்.

காணொலி விசாரணையில் நான் இரண்டு தொகைகளைத்தான் காட்டினேன். அப்பா பெயரில் உள்ள ரசீது: 9,408 ரூபாய். போனில் வந்த பணம்: 4,704. ஆறில் மூன்று, சரிபாதி. வெளியே ஒரு குப்பிக்குப் பல ஆயிரம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இதில் யார் ஏமாந்தார்கள், யாருக்கு லாபம்? உரிமம் இல்லாமல் விற்றது குற்றம்தான் என்றார் அரசு வழக்கறிஞர். ஆனால் மருந்துச் சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றங்களில் போலீசார் எஃப்.ஐ.ஆர். போடவோ கைது செய்யவோ முடியாது, அது மருந்து ஆய்வாளரின் வேலை என்று 2020 ஆகஸ்ட் 28 அன்று அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை முன்வைத்தேன். ஜாமீன் கிடைத்தது.

எனக்கு மனம் ஆறவில்லை. மூன்று குப்பிகளும் சொத்து அறையில் கிடந்தன. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451இன் கீழ், அவற்றை அரசு மருத்துவமனைக்காவது கொடுக்கச் சொல்லி மனு போட்டேன். மருந்து ஆய்வாளரிடம் அறிக்கை கேட்டார் மாஜிஸ்திரேட். மருத்துவமனையை விட்டு வெளியேறிய பிறகு குப்பிகள் எங்கே, எந்த வெப்பத்தில் இருந்தன என்பதற்கு ஆதாரம் இல்லை; ஆகவே நோயாளிக்கு ஏற்றப் பரிந்துரைக்க இயலாது என்று வந்தது அறிக்கை. மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. அவர் சொன்னது சரி. மனு தள்ளுபடியானது.

நோயாளி ஒரு பக்கம் கிடக்க, மருந்தைச் சுமக்கும் வேலையை உறவினர் தலையில் ஏற்றியதுதான் இத்தனைக்கும் வேர் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மருந்து மருத்துவமனைக் கணக்கில் போயிருந்தால், மிஞ்சிய மூன்றும் அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கும். மே 18 முதல் அரசும் அந்த வழிக்குத்தான் வந்தது: பொதுமக்களுக்கு நேரடி விற்பனை நின்றது, மருத்துவமனைகளே இணையதளத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றானது. என் கட்சிக்காரர் வரிசையில் நின்றது அதற்குச் சில நாள் முன்பு.