அக்கம்பக்கத்து அரசுகளுக்கு

2024 டிசம்பரில் இலங்கையின் முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு தத்தளித்து நின்றது. உள்ளே மியான்மரைச் சேர்ந்த ரோஹிங்கியா மக்கள் நூற்றுக்கும் மேல். பிள்ளைகள், கைக்குழந்தைகள். அவர்கள் பேசியது கரையில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் பசி புரிந்தது. ஊர்க்காரர்கள் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2009இல், போரின் கடைசி நாட்களில், அதே மணலில் ஷெல்லடிக்கு நடுவே கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களின் ஊர் அது. 'உள்நாட்டு விவகாரம்' என்ற சொல்லுக்கு என்ன விலை என்று தெரிந்த ஊர்.

அந்த மக்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு முள்ளிவாய்க்கால் இருக்கும் முல்லைத்தீவு மாவட்டத்திலேயே விமானப்படை முகாம் ஒன்றில் அடைத்தார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் முல்லைத்தீவில் சனம் தெருவுக்கு வந்து 'அனுப்பாதே' என்றது. ஓர் அரசுக்குச் சொல்ல வேண்டியதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

*

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்பத்தாவின் எப்.ஆர்.சி. இன்னும் இருக்கிறது. அந்நியர் பதிவுப் புத்தகம். இன்றைய மியான்மரான பர்மாவிலேயே பிறந்தவள் அவள். இருந்தும் அந்தப் புத்தகம் அவளை அந்நியர் என்றது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 1964இல் 50, 100 சாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள்.

ரங்கூன் துறைமுகத்தில் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாதென்று அப்பத்தா விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு கப்பல் ஏறினாள். கடைசிக் காலம் வரைக்கும் பேச்சுக்கிடையில் காதைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

எங்களுக்குக் கப்பல் வந்தது. 'வா' என்று சொல்ல ஓர் அரசு இருந்தது. ரோஹிங்கியா மக்களுக்கு அது இல்லை. இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

*

அதே நே வின் காலத்துச் சட்டம்தான் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். 1823க்கு முன்பே வேரூன்றியவர்கள்தான் மண்ணின் இனத்தார் என்றது அது. அரசின் பட்டியலில் 135 இனங்கள் உண்டு, ரோஹிங்கியா இல்லை. ஆனால் 1799இலேயே பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், அரக்கானில், அதாவது இன்றைய ரக்கைனில், நெடுங்காலமாக வாழும் முஸ்லிம்கள் தங்களை 'ரூயிங்கா' என்று அழைத்துக்கொள்வதாக எழுதிவைத்திருக்கிறார். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ரோஹிங்கியா' என்று சொன்னவர்களை எழுதிக்கொள்ளவே இல்லை. அடுத்த ஆண்டு, கையில் மிச்சமிருந்த தற்காலிக அடையாளச் சீட்டான வெள்ளை அட்டையும் செல்லாது என்றார்கள்.

பெயரை எடு, பிறகு சீட்டை எடு, பிறகு ஊரை எடு. 1978இல் இரண்டு லட்சம் பேர் வங்கதேசத்துக்குள் ஓடினார்கள். 1991-92இல் இரண்டரை லட்சம். ராணுவ நடவடிக்கை தொடங்கிய 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேல். முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் இடையே 39 ஆண்டுகள். அக்கம்பக்கத்து அரசுகள் எதுவும் 'தெரியாமல் போயிற்று' என்று சொல்ல முடியாது.

*

ரக்கைனில் இன் தின் என்ற கிராமத்தின் புகைப்படம் ஒன்று. பத்து ஆண்கள் வரிசையாக மண்டியிட்டிருக்கிறார்கள், பின்னால் துப்பாக்கிக்காரர்கள். 2017 செப்டம்பர் 2ஆம் தேதி பத்துப் பேரையும் கொன்று ஒரே குழியில் போட்டார்கள். அதைத் துப்பறிந்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் 500 நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். கொலைக்குப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற ஏழு படையினர் ஓராண்டுகூட முடியாமல் வெளியே வந்துவிட்டார்கள்.

படத்தில் ஒருவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். அதற்குமேல் அந்தப் படத்தை என்னால் விவரிக்க முடியவில்லை.

*

அந்த செப்டம்பர் முதல் வாரத்தில் இந்தியப் பிரதமர் மியான்மர் தலைநகர் நேப்பிடோவில்தான் இருந்தார். ரக்கைனில் படையினர்மேல் நடந்த தீவிரவாதத் தாக்குதலைப் பற்றிக் கவலை தெரிவித்தார். நாஃப் ஆற்றைக் கடந்து வங்கதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை. அன்று சொல்லியிருந்தால் படை நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. சொல்லாததால் தைரியம் கூடியிருக்கும் என்று மட்டும் நினைக்கிறேன்.

*

தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகளுக்கு ஒரு பழைய மந்திரம்: ஒருவர் வீட்டு விஷயத்தில் மற்றவர் தலையிடுவதில்லை. 2015 மே மாதம் அந்தமான் கடலில் அது என்ன செய்தது என்று பார்த்தோம். ஆட்கடத்தல்காரர்கள் பாதிக் கடலில் விட்டுவிட்டு ஓடிய படகுகளை தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா மூன்றும் மாறி மாறித் தங்கள் கடலைவிட்டுத் தள்ளிவிட்டன. தாய்லாந்து-மலேசிய எல்லைக் காட்டில் கடத்தல் முகாம்களும் புதைகுழிகளும் வெளிப்பட்டன. கடைசியில் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஓராண்டுக்கு இடம் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டன. உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது முடிந்தது, அதற்கு முந்தின வாரம் ஏன் முடியவில்லை?

அந்த முந்தின வாரத்திலேயே இந்தோனேசியாவின் அச்சே மீனவர்கள் படகை நெருங்கி ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். 2020 ஜூனிலும் வட அச்சேயின் லன்சோக் கிராமத்தில் அதிகாரிகள் தயங்கி நிற்க, ஊர்க்காரர்களே படகைக் கரைக்கு இழுத்தார்கள். கடலில் தவிப்பவரைக் கைவிடக் கூடாது என்பது அவர்களின் கடல் வழக்கம்.

(பின்னாளில் அதே அச்சேயில் ரோஹிங்கியா மக்களை விரட்டும் கூட்டமும் சேர்ந்தது. ஏழை மீனவர் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால் இரக்கமும் ஒருநாள் களைத்துப்போகும்.)

*

வங்கதேசத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நெரிசல் மிகுந்த அந்த நாடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாங்குகிறது. ஆனாலும் குத்துப்பாலாங் முகாமில் முள்கம்பி வேலி, வெளியே வேலைக்குப் போகத் தடை, வங்காள விரிகுடாவில் பாசன் சார் தீவுக்கு இடமாற்றம் என்று போகிறது. 2019 ஆகஸ்டில் திருப்பி அழைத்துப்போகப் பேருந்துகள் வந்து நின்றன. ஒருவர்கூட ஏறவில்லை. ஊருக்குப் போக ஆசையில்லாமலா? குடியுரிமை தருகிறோம் என்ற ஒரு வரி எழுத்தில் இல்லை.

*

சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் பழைய புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ரோஹிங்கியா குடும்பங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். டெல்லியில் ஒரு கையெழுத்து மாறினால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? 2018இல் அசாமிலிருந்து ஏழு பேரை மியான்மரிடம் ஒப்படைத்தது இந்தியா. 2025 மே மாதம், சுமார் 40 பேரை அந்தமான் கடலில் உயிர்காப்புச் சட்டையோடு இறக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் விசாரணையில் இறங்கினார். உச்ச நீதிமன்றம் அந்தச் செய்தியையே ஐயத்தோடு பார்த்தது. ஐயம் இருந்தால் அதைத் தீர்த்துவைப்பது அரசின் கடமை. அந்த ஆட்கள் எங்கே என்று சொல்லட்டும்.

*

மியான்மரிடம் கேட்பதில் பயனில்லை என்பவர்களுக்கு: ரக்கைன் கரையில் சீனாவின் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் சாவ்பியூவில் தொடங்குகின்றன. சிட்வே துறைமுகம் இந்தியாவின் பணத்தில் கட்டியது, 2023இல் திறந்தது. மியான்மர் எரிவாயுவைத் தாய்லாந்து வாங்குகிறது. பணம் போய்ச் சேரும் இடத்தில் பேச்சும் போய்ச் சேரும்.

*

மியான்மர்மேல் வழக்குப் போட்டது அக்கம்பக்கத்து அரசு எதுவும் அல்ல, காம்பியா. மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு சின்ன நாடு. 2020 ஜனவரி 23 அன்று சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒருமனதாக, ரோஹிங்கியா மக்களைக் காக்க மியான்மருக்கு உத்தரவிட்டார்கள். அந்த வழக்கில் தலையிட்ட தெற்காசிய நாடு மாலத்தீவு ஒன்றுதான். ஆசியானிலிருந்து ஒன்றும் இல்லை.

*

இப்போது நிலைமை இன்னும் சிக்கல். 2024இல் ராணுவ ஆட்சி கட்டாயப் படைச்சேர்ப்பில் ரோஹிங்கியா இளைஞர்களையும் பிடித்தது. குடிமகன் இல்லை என்றவர்களையே களத்துக்கு இழுத்தது. ஆகஸ்ட் 5 அன்று ரக்கைனின் மாங்டாவில், நாஃப் ஆற்றைக் கடக்கக் காத்திருந்த குடும்பங்கள்மேல் டிரோன் குண்டுகள் விழுந்தன. உயிர்தப்பியவர்கள், ராணுவத்தோடு போரிடும் ரக்கைன் ஆயுதக் குழுவான அரக்கான் படையைக் குற்றம்சாட்டினார்கள், அது மறுத்தது. ஆண்டு இறுதிக்குள் மாங்டா அதன் கைக்குப் போயிற்று. ஆகவே டாக்காவும் டெல்லியும் பெய்ஜிங்கும் பேச வேண்டிய ஆட்கள் இப்போது இரண்டு தரப்பு.

கேட்பது பெரிதல்ல. படகைத் தள்ளாதீர்கள், இறக்குங்கள். கொலை நடக்கும் இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். முகாமில் இருப்பவரைப் படிக்க, உழைக்க விடுங்கள். அந்த ராணுவத்துக்கு ஆயுதமும் விமான எரிபொருளும் விற்காதீர்கள். திரும்பிப் போவதைப் பற்றிய எந்தப் பேச்சிலும் ரோஹிங்கியா ஒருவர் மேசையில் இருக்கட்டும். குடியுரிமை என்ற சொல் தாளில் இருக்கட்டும்.

*

மழை ஓய்ந்து, அக்டோபரில் கடல் அடங்கும். காக்ஸ் பஜாரிலிருந்தும் ரக்கைனிலிருந்தும் படகுகள் கிளம்பும் பருவம் அதுதான். ஆசியான் தலைவர்களின் ஆண்டிறுதி மாநாடும் வழக்கமாக அந்த நாட்களை ஒட்டியே கூடுகிறது.