தூக்கிவிட ஆளிருக்காம்!

சாம்பல்தீவு

அன்புள்ள வனிதா,

ஊர்ப் புதினம் கேட்டிருந்தாய். கேள்: சின்னம்மாவின்ர மகன் சக்கர நாற்காலியோட படம் பார்க்கப் போய்வந்திட்டான்!

டவுன் வரைக்கும் ஓட்டோவில போனது ஒண்டும் பெரிய வேலையில்லை. தியேட்டர் வாசலிலதான் கூத்து. படிக்கட்டைக் கண்டு நாங்கள் யோசிக்க முதலே நாலு பெடியங்கள் ஓடிவந்து, வேட்டைத் திருவிழாச் சாமி மாதிரி அவனைத் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். நல்ல மனசுக்காரர்தான், குறை சொல்லேலாது. ஆனா உள்ளுக்கு நாற்காலி விட இடமில்லை. திரைக்குக் கீழ கொண்டுபோய் வைச்சாங்கள். கழுத்தை அண்ணாந்தபடி முழுப்படமும் பார்த்தான். இடைவேளைக்குச் சோடா நீட்டினன், வேண்டாமெண்டான். டொய்லெட்டுக்கும் படியிருக்குமெண்டு காலமையிலயிருந்தே தண்ணி குடிக்கேல்லையாம். எனக்கு அதுக்குப் பிறகு படத்தில மனசே போகேல்லையடி.

இதுக்குச் சட்டமில்லையெண்டு நினையாதை. எங்கட நாட்டில 1996இலயே மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைக்கெண்டு 28ஆம் இலக்கச் சட்டம் வந்திட்டு. 2006இல ஒழுங்குவிதி போட்டு, பொதுக் கட்டடங்களைத் திருத்த மூண்டு வருஷம் குடுத்தாங்கள். ஆர் திருத்தினது? கலாநிதி அஜித் பெரேரா, கிரிக்கெட் நடுவராயும் இருந்த மனிசன், 1992இல ஓடுற காருக்கு மேல மரம் விழுந்து நடக்கமுடியாமல் போனவர், அவர்தான் வழக்குப் போட்டவர். 2011இல உயர் நீதிமன்றம், விதியை மீறின கட்டட வரைபடத்துக்கு அனுமதி குடுக்கக்கூடாதெண்டு தீர்த்தது. அதுக்குப் பிறகும் கேட்டால் “தூக்கிவிட ஆளிருக்கு” எண்டுதான் சொல்லுறாங்கள். சரிவுப்பாதை கட்டாமல் இருக்க இதைவிட நல்ல சாட்டு வேணுமே?

கண் தெரியாத எங்கட பெரியம்மாவுக்கு வேற வில்லங்கம். முந்தி இலங்கை வானொலியில சில்லையூர் செல்வராசன் எழுதின ‘தணியாத தாகம்’ போகேக்க அவவுக்கு ஒருத்தரின்ர உதவியும் தேவைப்படேல்லை. எல்லாம் குரலிலயே இருந்துது. இப்பத்தைய சீரியலில சத்தத்தைப் போட்டிட்டு ஆளாள் முகத்தைக் காட்டுறாங்கள். “ஆரடி வந்தது? ஏன் ஒருத்தரும் பேசேல்லை?” நான்தான் நேர்முக வர்ணனை. நான் சொல்லுற கதை வேற, நடக்கிற கதை வேறையெண்டு அவவுக்குச் சந்தேகம். சந்தேகம் சரிதான், ஆரோடையும் சொல்லிப்போடாதை. இதுக்கும் வழியிருக்கு: காதுக்குள்ள காட்சியைச் சொல்லுற ஒலி விவரிப்பும், காது கேளாதவைக்குத் திரையில எழுத்தும் படங்களில வேணுமெண்டு இந்தியாவில 2024 மார்ச்சில வழிகாட்டி போட்டிருக்கினம்.

உன்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்கு மட்டக்களப்பில மண்டபம் பார்க்கிறாயாம், அறிஞ்சன். அட்வான்ஸ் கட்ட முதல் ஒருக்கா நேரில போய், சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை இருக்கோ எண்டு பார். ஒரு அடி உயரமேற 12 அடி நீளச் சரிவு வேணும். பலகையைப் போட்டுச் சமாளிப்பமெண்டு சொன்னால் நம்பாதை. கழிப்பறைக் கதவால நாற்காலி போகுமோ, உள்ளுக்குத் திரும்புமோ எண்டும் பார். இல்லையெண்டால் வேற மண்டபம் பிடி, காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன்ர செல்வி