பதின்மூன்று பாடங்கள்

பெரியம்மாவின் மகன் விமானி. இரத்மலானையில் பறக்கப் பழகி, இலங்கை லைசென்ஸோடு எயார்பஸ் ஏ320 ஓட்டியவர். மூவாயிரம் மணித்தியாலத்துக்கு மேல் பறந்திருக்கிறார். 2022 நெருக்கடிக்குப் பிறகு சம்பளம் கண்முன்னே கரைய, கூட வேலை செய்தவர்கள் பலர் வளைகுடாவுக்குப் போனார்கள். அண்ணி பிரான்சில் பிறந்து வளர்ந்தவ என்பதால் அண்ணா பாரிஸுக்குப் போனார். முப்பத்தாறு வயதில் இப்ப சோதனைக்குப் படிக்கிறார்.

"இஞ்ச ஓட்டினவனுக்கு அங்க என்னத்துக்குத் திரும்பச் சோதினை?" பெரியம்மா கேட்காத நாளில்லை.

காரணம் பழையது. 1944இல் சிகாகோவில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு வழங்கிய, அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசென்ஸ்தான் விமானியிடம் இருக்கவேண்டும். அதாவது லைசென்ஸ் வானத்துக்கு இல்லை, விமானத்தின் பதிவுக்குத்தான். 4ஆர் என்று இலங்கைப் பதிவு எழுதிய விமானத்தை அண்ணா பாரிஸில் கொண்டுபோய் இறக்கலாம், ஒருத்தரும் மறிக்கமாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் அதே ஏ320இல் பிரெஞ்சுப் பதிவு இருந்தால் அதைத் தொட ஏலாது.

ஐரோப்பிய லைசென்ஸாக மாற்ற, பதின்மூன்று எழுத்துச் சோதனைகள். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்கவேணும். முதற் சோதனை எழுதிய மாத முடிவிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாம் முடியவேணும். ஒரு பாடத்தை நாலு தரம் எழுதலாம். நாலாவது தரமும் விட்டால், பாஸ் பண்ணினதும் சேர்த்து எல்லாம் முதலிலிருந்து. இதோடு முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, கடைசியில் பரீட்சகருக்கு முன்னால் பறந்து காட்டுவது. இதுவரை விமானமே ஓட்டாத இருபது வயதுப் பெடியனும் இதே பதின்மூன்றைத்தான் எழுதுகிறான்.

இரவில் வட்ஸப்பில் நான் கேள்வி வாசிப்பேன், அவர் விடை சொல்லுவார். இங்கே நள்ளிரவு, அங்கே எட்டரை. துருவ வரைபடத்தில் நெடுங்கோடுகள் எப்படிக் குவியும்? காற்றுக்கு எத்தனை பாகை திருத்தவேணும்? விமானத்தில் கணினி செய்யும் கணக்கை, கையால் சுழற்றும் வட்டத் தகடொன்றை வைத்துச் செய்கிறார். எனக்கே பாதி விடை மனப்பாடம்.

"இதெல்லாம் தெரியத்தான் வேணும். ஆனா தரையிறக்கத் தெரியுமோ எண்டு கடைசியிலதான் கேக்கிறாங்கள்" என்று சிரிப்பார்.

பாதுகாப்புக்கான விதி என்பதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு நாடும் எப்படி லைசென்ஸ் கொடுக்குது என்று ஐரோப்பா போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இந்தச் சல்லடையில் முதலில் விழுவது பறக்கத் தெரியாதவர் இல்லை, ஒன்றரை வருசம் சம்பளமில்லாமல் இருக்க வழியில்லாதவர். அண்ணாவின் சோதனைக் காசு அண்ணியின் சம்பளம்.

பிரித்தானியாவுக்குப் போன ஒரு நண்பர் அங்கே எல்லாவற்றையும் முடித்து லைசென்ஸ் எடுத்துவிட்டார். ஆனால் 2020 முடிவோடு பிரித்தானியா ஐரோப்பிய அமைப்பிலிருந்து விலகியதால், அந்தத் தாளை வைத்துப் பிரெஞ்சுப் பதிவு விமானத்தில் ஏற முடியாது.

அண்ணாவுக்கு இன்னும் நாலு பாடம் இருக்கிறது. அவரோடு ஒரே வகுப்பில் படித்த இன்னொருத்தர், அவரைவிடக் கூட மணித்தியாலம் பறந்தவர், கொழும்பிலிருந்து போன கிழமை கேட்டார்: "நானும் எழுதட்டோ?" ஐரோப்பிய விமான நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் வழக்கமாக வரும் வரியை அண்ணா வாசித்துக் காட்டினார்: ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழவும் வேலை செய்யவும் உரிமை இருக்கவேண்டும். அதுக்குப் பதின்மூன்றில் எந்தப் பாடமும் இல்லை. அவர் இன்னும் கலியாணம் கட்டவில்லை.