தெல்லிப்பழையில் ஒரு கம்பளிப் போர்வை

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் பள்ளி தொடங்கிய ஊர் தெல்லிப்பழை. துர்க்கையம்மனைத் தரிசித்த பின் பெரியம்மாவின் இல்லம் சென்றேன். வியர்வை வடியும் வெயிலில், விறாந்தையிலிருந்து கம்பளிப் போர்வை பின்னிக்கொண்டிருந்தார்! கனடாவிலுள்ள பேத்திக்காம்.

மிஞ்சிய நூற்துண்டுகளே முதல். நான்கு சங்கிலிக் கண்ணிகளை வளையமாக்கி, மும்மூன்று நெடுங்கண்ணிகளாகச் சுற்றி, நான்கு மூலை திருப்பினால் ஒரு சதுரம். நடுவில் எந்த நிறமும் வரலாம். விளிம்பு மட்டும் எல்லாவற்றிலும் கறுப்பு. அதுவே சிதறிய நிறங்களை ஒன்றாக்குகிறது. நூலின் பருமன் மாறினாலோ சதுரம் கோணிவிடும்.

1990இல் இடம்பெயர்ந்தபோது கொக்கி ஊசியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாராம். சேர்த்துவைத்த நூலெல்லாம் வீட்டோடு போயிற்று.

"கறுப்பு முடியப் போகுது, தம்பி. யாழ்ப்பாணம் போனால் இதே மொத்தத்திலை வாங்கிக்கொண்டு வா" என்று ஒரு துண்டைக் கையில் வைத்தார்.