உம்மாவின் எழுத்தறிவு

1991ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்காகக் கீழக்கரையில் எங்கள் இல்லம் வந்த ஆசிரியர், "தாயார் படித்தவர்களா?" என வினவினார். "பள்ளிக்கூடம் சென்றதில்லை" என்றேன். எழுத்தறிவு அற்றவர் எனக் குறித்துச் சென்றார்.

பிழை அவருடையதன்று, என்னுடையது. ஏழு வயது நிரம்பிய ஒருவர் ஏதேனும் ஒரு மொழியைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் அறிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவரே. பள்ளிச் சான்று வேண்டியதில்லை. அன்றும் இன்றும் இதுவே விதி.

உம்மாவோ, கொழும்பிலிருந்த வாப்பாவுக்கு அரபுத்தமிழில் கடிதம் எழுதியவர்கள். லிபி அரபு; மொழி நம் தமிழ். அவ்வெழுத்தில் அச்சான மார்க்க நூல்களை அண்டை வீட்டுப் பெண்களுக்கு வாசித்துப் பொருள் சொன்னவர்கள். மதரஸாவில் அரபு இலக்கணம் ஓதிக்கொண்டிருந்த எனக்கு அது கல்வியாகத் தோன்றவில்லை!

உம்மா மறைந்துவிட்டார்கள், அல்லாஹ் அவர்களுக்கு அருள்வானாக. அந்தப் பதிவை இனித் திருத்தவியலாது. உங்கள் வீட்டு மூதாட்டியரின் கல்வியைக் கேட்கும்போது, பள்ளியை மட்டும் எண்ணி விடை பகராதீர்கள்.