கார் எல்லை தாண்டினால் காப்புறுதியும் தாண்டுமா?



பிரிக்பீல்ட்சில் பசியாறிவிட்டு, கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்குக் கார் ஓட்டிப் போயிருக்கிறீர்களா? சற்றுத் தூரத்திலேயே கோத்தா டாருல் ஏசான் வளைவு சாலைக்கு மேலே கம்பீரமாக நிற்கும். 1974இல் சிலாங்கூர் மாநிலம் கோலாலம்பூரைக் கூட்டரசுக்கு அளித்ததை நினைவூட்டும் எல்லை அது. அதைத் தாண்டும்போது உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. ஆனால், எல்லா எல்லைகளும் அப்படியல்ல!

நம் பிள்ளைகள் வேலைக்காகச் சிங்கப்பூர் போகிறார்கள். ஓய்வு பெற்ற சிலர் தமிழ்நாட்டில் தங்கி விடுகிறார்கள். "காப்புறுதிதானே, எங்கும் ஒன்றுதான்" என்று இருந்துவிடாதீர்கள்.

முதலில் வெள்ளத்தைப் பாருங்கள். கிள்ளானுக்குச் சற்று முன்னே ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடா இருக்கிறது. 2021 டிசம்பரில் அங்கே வீடுகளும் கார்களும் நீரில் மூழ்கின. நம் நாட்டில் முழுக் காப்புறுதி எடுத்தாலும் பொதுவாக வெள்ளச் சேதம் அதில் சேராது. கூடுதல் பணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். இந்தியாவிலோ முழுக் காப்புறுதியில் வெள்ளமும் அடங்கும். ஆயினும், தண்ணீரில் நின்ற காரை மீண்டும் முடுக்கி என்ஜின் கெட்டுப் போனால், அதற்குத் தனிச் சேர்க்கை வேண்டும்.

அடுத்து, பக்கத்து இருக்கையில் அமர்ந்து வரும் உங்கள் தாயாரை நினையுங்கள். நம் சட்டம் கட்டாயமாக்கும் காப்புறுதி, காரில் சும்மா ஏறி வரும் பயணிக்கு நீங்கள் தரவேண்டிய இழப்பீட்டை ஏற்பதில்லை. சிங்கப்பூரிலோ பயணிகளுக்கும் காப்புறுதி கட்டாயம். ஆகவே, ஜொகூர் பாலத்தைக் கடக்கும் முன் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹட்யாய்க்குப் போகிறவர்கள் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியைத் தனியே வாங்க வேண்டும். நம் பத்திரத்தையும் அந்நாட்டுக்கு நீட்டித்துக்கொள்வது நல்லது.

இனி, விபத்தில்லாமல் ஓட்டியவருக்குக் கிடைக்கும் கழிவு. இழப்பீடு கோராமல் ஓராண்டு ஓட்டினால் மலேசியாவில் 25 விழுக்காடு; ஐந்தாண்டில் 55. சிங்கப்பூரில் 10இல் தொடங்கி 50. இந்தியாவில் 20இல் தொடங்கி 50. ஐந்தாண்டுப் பொறுமை அடுத்த நாட்டில் தானாகச் செல்லுபடியாகிவிடாது. ஏற்பதும் மறுப்பதும் அங்குள்ள நிறுவனத்தின் முடிவு.

எனவே, புறப்படும் முன் உங்கள் நிறுவனத்திடம் கழிவுச் சான்றுக் கடிதம் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போய்ச் சேர்ந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வெள்ளம் அடங்குமா? பயணிகள் அடங்குவார்களா? கழிவை ஏற்பீர்களா?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மல்லிகைச் சரம் வாங்கும்போதுகூட முழம் அளந்து பார்க்கிறோமே! குடும்பத்தையே ஏற்றிச் செல்லும் காரின் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கக் கூடாதா?